சீனர் அடுக்களையும் சிறுநீரகப் பத்தியமும்

மனிதனின் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டும் உறுப்புகள் அமைந்திருக்கின்றன. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் இவற்றின் வழியே வடிக்கப்படுகின்றது. அதன் மிகப் பெரும் பகுதி மீண்டும் இரத்தத்திலேயே சேர்க்கப்பட, ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் யூரியா முதலிய கழிவுகளுடன் சிறுநீராக வெளியேறுகின்றது. இரத்தத்திலுள்ள ஸோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவை தத்தம் எல்லைக்குள் நிற்பதும் இவ்வுறுப்புகளின் உழைப்பாலேயே ஆகும். இவை பழுதுற்றபின், அதுவரை உடலை வளர்த்த உணவே அபாயத்திற்குக் காரணமாகக்கூடும். சான்றாக, இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தற்குரிய பொட்டாசியம் 6.5-க்கு மேல் ஏறுமாயின், இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து நின்றுவிடவும் கூடும்.

1943-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் அமைத்த குழாய் இணைப்பு, ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் இரத்தச் சுத்திகரிப்பு செய்தலைச் சாத்தியமாக்கிற்று. எனினும் வழக்கமான முறையில் வாரத்திற்கு மூன்று நாட்கள், நாளுக்குச் சுமார் 4 மணி நேரம்தான் இயந்திரம் வேலை செய்கின்றது. வாரத்தின் 168 மணி நேரத்தில் இது 12 மணி நேரமே. மற்ற 156 மணி நேரமும் நோயாளியைக் காக்கவேண்டியது அவருடைய பத்தியம் ஆகும்.

பத்தியத்தின் இரசாயனம் எல்லா நாட்டினர்க்கும் பொதுவானது. ஆனால் எவரும் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் தட்டில் இட்டு உண்பதில்லை; சோற்றையும் கறியையும் சாற்றையுமே உண்கின்றனர். ஆகவே பத்தியக் கல்வி பயன்படவேண்டுமாயின், அது நோயாளியின் அடுக்களைக்குள் நுழைந்தே தொடங்கவேண்டும். சீனமொழி பேசும் சிறுநீரக நோயாளிகளுக்கென உணவுக் கல்வி அமைக்கும் பணி இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகின்றது.

மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா?

சீனமொழி பேசுவோர் சீனா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் மட்டுமன்றி, சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், டொராண்டோ, சிட்னி முதலிய நகரங்களிலும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அமெரிக்க இல்லங்களில் ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகியவற்றிற்கு அடுத்தபடியாக மிகுதியாகப் பேசப்படுவது சீனமே ஆகும். இத்தகைய நகரங்களின் மருத்துவமனைகளில், ஆங்கிலத்தில் எழுதிய பத்தியத் துண்டுப் பிரசுரத்தை அப்படியே சீனத்தில் பெயர்த்துக் கொடுத்துவிடுவது எளிய வழியாகத் தோன்றலாம்.

அவ்வாறு பெயர்த்த பிரசுரம் பாலாடைக்கட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, தக்காளிச் சாறு, டப்பாவிலடைத்த சூப் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு கூறும். பால் பொருள்களை மிகுதியாக உண்ணாத வழக்கமும், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாத உடல் இயல்பும் சீனப் பெரியோர் பலரிடம் காணப்படுகின்றன. அத்தகைய முதியவர் ஒருவர் பிரசுரத்தைப் படித்து, அதில் விலக்கிய எதையும் தாம் உண்பதில்லை என்று மனநிறைவு கொள்வார். அவர் மேசையின் மேலுள்ள ஸோயா ஸாஸ், உப்பிலிட்ட வாத்து முட்டை, ஊறவைத்த கடுகுக் கீரை, புளிக்கவைத்த ஸோயாக் கட்டி, உலர்ந்த மீன் ஆகியவற்றைப் பற்றி அப்பிரசுரத்தில் ஒரு சொல்லும் இராது. மொழி சரியாக இருந்தும் செய்தி அவரை அடையவில்லை என்பதே இதன் பொருள்.

உப்பு மறைந்திருக்கும் இடங்கள்

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோர்க்கு நாள் ஒன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான ஸோடியம், அஃதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதுமெனக் கூறுகின்றது. ஸோயா ஸாஸ் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் ஸோடியம் உண்டு. இரண்டு கரண்டிகளிலேயே நாளின் பங்கு ஏறக்குறைய தீர்ந்துவிடுகின்றது. இதனுடன் சிப்பி ஸாஸ், இறால் விழுது ஆகியவையும் சேர்கின்றன. அஜினோமோட்டோ என்று வழங்கும் மோனோஸோடியம் குளூட்டமேட்டில் எடையில் சுமார் 12 சதவிகிதம் ஸோடியம் இருக்கின்றது. சாதாரண உப்பில் இது 39 சதவிகிதம்.

“உப்பைக் குறையுங்கள்” என்ற அறிவுரையைக் கேட்ட இல்லத்தரசி உப்புச் சாடியை அப்புறப்படுத்திவிட்டு, சுவை குன்றாதிருக்க ஸாஸை அதிகமாக ஊற்றக்கூடும். ஆதலின் சீனப் பிரசுரத்தில் ஸாஸ்களின் பெயர்களையும் அளவுகளையும் தனித்தனியே குறிப்பிடுதல் இன்றியமையாதது. இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், மிளகு, காடி, நட்சத்திரச் சோம்பு ஆகியவை சீனர் அடுக்களையில் ஏற்கெனவே இருப்பவை. இவற்றால் சுவை கூட்டும் முறைகளைக் காட்டின், இழப்புணர்ச்சி குறையும்.

இங்கே மற்றோர் ஆபத்தையும் எச்சரிக்கவேண்டும். குறைந்த ஸோடியம் கொண்டவை என விற்கப்படும் உப்பு வகைகள் பலவற்றிலும், அத்தகைய ஸாஸ்கள் சிலவற்றிலும், ஸோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகின்றது. இரத்த அழுத்தம் மட்டும் உடையவருக்கு இது நன்மை தரலாம். பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாத சிறுநீரக நோயாளிக்கோ இது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். நன்னோக்கத்துடன் மகள் வாங்கித் தரும் உப்பே தந்தைக்குத் தீங்காக முடியலாம் என்பதால், குடும்பத்தார் அனைவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

சூப்பும் பொட்டாசியமும்

தென்சீனத்தின் காண்டனீஸ் இல்லங்களில் எலும்பு, இறைச்சி, கிழங்கு, உலர்ந்த பழங்கள் முதலியவற்றைச் சிறு தீயில் பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சூப் தயாரிப்பது நெடுநாளைய வழக்கம். நோயுற்றவர்க்கு அன்பின் அடையாளமாக முதலில் அளிக்கப்படுவது இதுவே. சத்து யாவும் சாற்றில் இறங்கிவிட்டது என்று கருதி, சாற்றைப் பருகிவிட்டு இறைச்சியைச் சக்கையென ஒதுக்குவோர் பலர்.

இரசாயனம் கூறுவது வேறு. பொட்டாசியம் நீரில் எளிதிற் கரைவது. ஆகவே நீண்ட நேரக் கொதிப்பில் அது சாற்றில் சேர்கின்றது. புரதத்தின் பெரும்பகுதி இறைச்சியிலேயே தங்கிவிடுகின்றது. எனவே சாற்றைப் பருகி இறைச்சியை ஒதுக்கும் நோயாளி, தமக்கு ஆகாததை ஏற்று, தேவையானதைத் தள்ளுகின்றார். சிறுநீர் குறைந்தவர்க்குச் சூப், கஞ்சி, தேநீர் யாவும் நாளின் திரவக் கணக்கில் சேரும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பொட்டாசியம் நீரிற் கரையும் அதே இயல்பைக் காய்கறி சமைப்பதில் நன்மைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். காய்கறியையும் கீரையையும் சிறு துண்டுகளாக நறுக்கி, ஏராளமான கொதிநீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிய பின்னர் வாணலியில் எண்ணெயிட்டு வதக்கினால், பொட்டாசியத்தில் ஒரு கணிசமான பகுதி நீங்கும். சீனர் காய்கறிகளைப் பெரும்பாலும் வேகவைத்தே உண்பவராதலின், இம்முறை அவர்கள் வழக்கத்திற்கு ஏற்றதாகும். சோற்றின்மேல் குழம்பையோ வடித்த நீரையோ ஊற்றிக்கொள்ளலாகாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தவிர்க்கவேண்டிய காய்கனிகளின் பட்டியலும் அவர்கள் சந்தையினின்றே எடுக்கப்படவேண்டும். உலர்ந்த காளான், கடற்பாசி, மூங்கில் குருத்து, சேப்பங்கிழங்கு, தண்டுக்கீரை, உலர்ந்த இலந்தை வகைப் பழம் ஆகியவை பொட்டாசியம் மிகுந்தவை. முட்டைக்கோசு, வெள்ளரி, பீர்க்கு, பாசிப்பயற்று முளை, ஆப்பிள், பேரிக்காய் ஆகியவை ஒப்புநோக்கக் குறைந்தவை.

சீனத்தில் ‘யாங்தாவ்’ எனவும் தமிழில் தமரத்தை எனவும் வழங்கும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் முற்றிலும் விலக்கவேண்டும். இப்பழத்திலுள்ள ‘காரம்பாக்ஸின்’ என்ற நரம்பு நச்சினை 2013-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் இனங்கண்டனர். நல்ல சிறுநீரகம் இந்நச்சை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் இயலாது. ஓயாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றி மரணமும் நேர்ந்துள்ளது.

புரதம்: இரு வேறு காலங்கள்

புரதத்தைப் பற்றிய அறிவுரை நோயின் நிலைக்கேற்ப நேர்மாறாக மாறுகின்றது. அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அமைப்பு 2020-இல் வெளியிட்ட போஷணை நெறிமுறைகளின்படி, சுத்திகரிப்பு தொடங்காத, நீரிழிவு இல்லாத நோயாளிக்கு, நோய் முற்றிய நிலைகளில், மருத்துவரின் மேற்பார்வையில் உடல் எடைக் கிலோவுக்கு 0.55 முதல் 0.60 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகின்றது. சுத்திகரிப்பு தொடங்கிய பின்னர் இது 1.0 முதல் 1.2 கிராமாக உயர்கின்றது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு முன்னர் 33 முதல் 36 கிராம். பின்னர் 60 முதல் 72 கிராம். சுத்திகரிப்பின்போதே புரதச்சத்து ஓரளவு இழக்கப்படுவது இதற்கு ஒரு காரணமாகும். ஹாங்காங்கில் 1985 முதல் முதன்மையாகக் கையாளப்பட்டுவரும் முறையில், வயிற்றறைக்குள் திரவத்தைச் செலுத்தி வெளியேற்றுவதன் மூலம் இரத்தம் சுத்திகரிக்கப்படுகின்றது. இம்முறையில் நாள்தோறும் 5 முதல் 15 கிராம் வரை புரதம் வெளியேறுகின்றது.

“இறைச்சியைக் குறையுங்கள்” என்று பல்லாண்டுகள் கேட்டுப் பழகிய முதியவர், சுத்திகரிப்பு தொடங்கிய பின்னும் அதனையே கடைப்பிடித்து மெலிந்துபோகக்கூடும். ஆகவே இரு நிலையினர்க்கும் தனித்தனிப் பிரசுரங்கள் தேவை.

புரதம் குறைக்கவேண்டிய காலத்தில் சீன உணவு ஒரு வசதியை அளிக்கின்றது. பாசிப்பயற்று மாவினின்று இழுக்கப்படும் கண்ணாடி போன்ற சேமியாவிலும் ஜவ்வரிசியிலும் மாவுச்சத்து நிறைந்திருக்கின்றது; புரதம் மிகக் குறைவு. தைவானின் உணவியல் நிபுணர்கள் இவற்றைக் கொண்டே நோயாளியின் பசியையும் எடையையும் காக்கக் கற்பிக்கின்றனர். ‘டோபு’ எனப்படும் ஸோயாக் கட்டி, பயற்று வகையென்று முற்காலத்தில் விலக்கப்பட்டதுண்டு. அதன் புரதம் தரத்தில் உயர்ந்தது. தாவரப் பொருளிலுள்ள பாஸ்பரஸ் குடலில் முழுமையாக ஏற்கப்படுவதுமில்லை. ஆலைகளில் பதப்படுத்திய மீன் உருண்டை, இறைச்சித் துண்டம் போன்றவற்றிற் சேர்க்கப்படும் பாஸ்பேட்டுகளோ ஏறக்குறைய முழுமையாக இரத்தத்திற் கலக்கின்றன. ஆதலின் டோபுவை அளவுடன் அனுமதித்து, இவற்றைக் குறைக்கக் கற்பித்தலே பொருந்தும்.

‘ஷென்’ என்னும் சொல்

சீன மரபு வைத்தியத்தில் சிறுநீரகத்தைக் குறிக்கும் ‘ஷென்’ என்ற சொல், உடலின் மூலவலிமை, எலும்பு, இனப்பெருக்கம் ஆகியவற்றிற்கு ஆதாரமான ஒரு சக்தி நிலையத்தையும் குறிக்கின்றது. “உமது ஷென் கெட்டுள்ளது” என்று கேட்ட நோயாளி, தம் வலிமை குன்றிவிட்டதெனக் கருதி, அதனை ஊட்டும் மருந்துகளை நாடலாம். உவர்ப்புச் சுவையும் கருநிறமும் ஷென்னுக்குரியவை என்பது மரபு. ஆகவே கறுப்பு எள், கறுப்பு மொச்சை வகை, பன்றியின் சிறுநீரகம் ஆகியவை விரும்பி உண்ணப்படுகின்றன. இவற்றில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மிகுந்திருக்கலாம் என்பதை நோயாளி அறியார்.

இந்நம்பிக்கைகளை இகழ்ந்து ஒதுக்கும் பிரசுரம் படிக்கப்படாமலே போகும். அறிவுள்ள ஆசிரியர், மருத்துவமனை கூறும் உறுப்பும் மரபு கூறும் சக்தியும் ஒன்றல்ல என்பதை முதலில் அமைதியாக விளக்குவார். காய்கள் சில ‘குளிர்ச்சி’ என்று அஞ்சி விலக்கப்படுமாயின், அவற்றை ‘உஷ்ண’மான இஞ்சியுடன் சமைக்கலாம் எனக் காட்டுவார். உஷ்ணம், குளிர்ச்சி என்ற பாகுபாட்டை மாற்றாமலே பத்தியம் நிறைவேறிவிடுகின்றது.

ஆயினும் ஓரிடத்தில் உறுதி காட்டவேண்டும். பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய மூலிகை உட்கொண்ட பெண்கள் பலர்க்குச் சிறுநீரகம் விரைவாகச் சுருங்கிப் பழுதுற்ற செய்தி 1993-இல் மருத்துவ உலகிற்கு வெளியாயிற்று. ஒத்த பெயருடைய இரு மூலிகைகளுள் ஒன்றிற்குப் பதிலாக, ஆடுதின்னாப்பாளை இனத்தைச் சார்ந்த மற்றொன்று கலந்துவிட்டதே காரணம். அவ்வினத்திலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதுடன் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது. தைவான் அரசாங்கம் 2003-இல் இத்தகைய மூலிகைகளைத் தடை செய்தது. எந்த மூலிகையை உட்கொண்டாலும் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது என்று பிரசுரம் வற்புறுத்தவேண்டும். நோயாளி கூசாமல் சொல்லும்படி மருத்துவர் கேட்கவும் வேண்டும்.

எழுத்தும் பேச்சும் அளவும்

சீனம் ஒரே மொழியெனக் கூறப்படினும், மாண்டரின், காண்டனீஸ், ஹோக்கியன் முதலிய பேச்சு வகைகளைப் பேசுவோர் ஒருவர் பேச்சை மற்றவர் எளிதில் உணர்வதில்லை. எழுத்திலும் வேற்றுமையுண்டு. சீனாவில் 1956 முதல் எளிதாக்கிய எழுத்துகள் புகுத்தப்பட்டன. சிங்கப்பூரும் அவற்றையே ஏற்றுள்ளது. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய எழுத்துகளே வழங்குகின்றன. ஆகவே அச்சுப் பிரசுரத்தை இருவகை எழுத்திலும், ஒலிப்பதிவை ஒன்றுக்கு மேற்பட்ட பேச்சு வகையிலும் அமைத்தல் நலம். எழுதப் படிக்க அறியாத முதியோர்க்குப் படங்களே துணை.

எடையளவுச் சொற்களில் மேலும் கவனம் தேவை. ‘லியாங்’ என்ற அளவு சீனாவில் 50 கிராம், தைவானில் 37.5 கிராம், ஹாங்காங்கில் சுமார் 37.8 கிராம். “நாளுக்கு நான்கு லியாங் இறைச்சி” என்று எழுதினால், ஒருவர் 200 கிராமும் மற்றொருவர் 150 கிராமும் உண்பர். கிராம் அளவை எழுதி, அதனருகே உள்ளங்கை, சோற்றுக் கிண்ணம், பீங்கான் கரண்டி ஆகியவற்றின் படத்தை அளவுக்கேற்ப வரைந்து காட்டுதலே பாதுகாப்பானது.

சீனக் குடும்பத்தில் சோற்றுக் கிண்ணம் ஒவ்வொருவர்க்கும் தனி. கறிவகைகள் மேசையின் நடுவே பொதுவாக வைக்கப்படுகின்றன. குச்சிகளால் சிறிது சிறிதாக எடுத்து உண்ணும்போது எவ்வளவு உண்டோமென்பது எவர்க்கும் தெரியாது. நோயாளியின் பங்கை ஸாஸ் ஊற்றுமுன் ஒரு தனித் தட்டில் எடுத்துவைத்துவிட்டால் இத்தொல்லை தீரும். அவர் குடும்பத்தாரோடு ஒரே மேசையில் அமர்ந்தும் உண்ணலாம்.

பிரசுரம் உருவாகும் முறை

நல்ல பிரசுரத்தின் முதற்படி கேட்டறிதல். முன்னாள் உண்டவை யாவை, சமைத்தவர் யார், எந்த ஸாஸ் எத்தனை கரண்டி என்று நோயாளியையும் சமைப்பவரையும் வினவுகின்றனர். பின்னர் சீனா, தைவான், ஹாங்காங் ஆகியவற்றில் வெளியாகியுள்ள உணவுச் சத்து அட்டவணைகளைக் கொண்டு அவ்வுணவுகளின் சத்துகள் கணக்கிடப்படுகின்றன. ஒருவர் சீனத்தில் எழுதியதை, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்க, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழைகள் களையப்படுகின்றன.

அச்சிடுமுன் சில நோயாளிகளிடம் அதனைக் காட்டி, தாம் அறிந்துகொண்டதைத் தம் சொற்களிலேயே திருப்பிச் சொல்லுமாறு கேட்பது அவசியம். “புரிந்ததா?” என்று கேட்டால், மருத்துவரிடம் மரியாதை கொண்ட முதியவர் “புரிந்தது” என்றே விடையளிப்பார். “இன்றிரவு சூப்பை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். புத்தாண்டு விருந்து, இலையுதிர்கால நிலவு விழாவின் தாமரை விதை அப்பம் ஆகியவற்றிற்கும் தனிக் குறிப்புகள் வேண்டும்; விழா நாளில் பத்தியத்தை மறப்பது எந்நாட்டிலும் இயல்பே. இறுதியாக, மாதந்தோறும் நடைபெறும் இரத்தச் சோதனையின் முடிவை நோயாளிக்கே காட்டினால், தம் அடுக்களையில் செய்த மாறுதல் எண்ணாக மாறியதை அவர் கண்டு ஊக்கமடைவார்.

முடிவுரை

சிங்கப்பூரில் சீனமும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகளாக உள்ளன. ஒரே மருத்துவமனையில் சீன முதியவரும் தமிழ் முதியவரும் அடுத்தடுத்த இயந்திரங்களில் படுத்திருக்கக்கூடும். முன்னவரிடம் ஸோயா ஸாஸைப் பற்றியும் பின்னவரிடம் ஊறுகாயையும் அப்பளத்தையும் பற்றியும் பேசவேண்டும். முன்னவர்க்கு உலர்ந்த பழச் சூப்பையும் பின்னவர்க்கு இளநீரையும் எச்சரிக்கவேண்டும். பல மொழிகளும் பல சமையல்களும் வழங்கும் இந்தியாவிற்கும் இப்பாடம் பொருந்துவதே. பத்தியத்தின் விதிகளை ஆராய்ச்சிசாலை வகுக்கலாம். அவற்றை நிறைவேற்றுபவர் அடுப்பின் முன் நிற்பவர். அவருடைய சட்டியும் கரண்டியும் அறிந்து எழுதப்படும் பிரசுரமே நோயாளியின் ஆயுளைக் காக்க வல்லது.